தீபாவளி முடிஞ்சா ரேட்டு இறங்கும்

அறுபத்து நாலாயிரம் ரூபாய். எட்டுப் பெண்கள், ஆளுக்கு வாரம் இருநூறு, நாற்பது வாரம். 2025 ஜனவரியில் தொடங்கி, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையோடு முடிகிற கணக்கு. வெம்பக்கோட்டை தபால் ஆபீசில் அந்தப் பணம் மாரிசெல்வியின் பெயரில் கிடந்தது. எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "கோவாவுக்குப் போறோம்."

மாரிசெல்விக்கு நாற்பத்து மூன்று வயது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. வெடிமருந்துப் பக்கம் போவதில்லை, பேக்கிங். பட்டாசை டப்பாவில் அடுக்கி, டப்பாவைப் பெட்டியில் அடுக்கி, பெட்டிமேல் ஊர்ப்பெயர் எழுதிய தாளை ஒட்ட வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஊர்கள் பாதி அந்தத் தாளில் படித்தவை. வருஷா வருஷம் கோவாவுக்கு லோடு போகும். அங்கே கடல் இருக்கிறது, ரூம் வாடகை யானை விலை என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். கடல் என்றால் அவர்களுக்குத் திருச்செந்தூர்தான். மொட்டை போட வேண்டும், நாழிக்கிணற்றில் குளிக்க வேண்டும், கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துத் தேட வேண்டும். எந்த வேண்டுதலும் இல்லாமல், யாருக்கும் சோறு பொங்காமல், கடலைச் சும்மா பார்க்கிற யோசனையை முதலில் சொன்னது மாரிசெல்விதான்.

"கோயில் இல்லாத ஊருக்கு எதுக்குப் போறீகன்னு எங்க வீட்டுல கேக்காக" என்றாள் முருகேஸ்வரி. எட்டுப் பேரில் பயந்த சுபாவம் அவளுக்கு.

"கோயில் இருக்குன்னு சொல்லு. எந்தக் கோயில்னு கேட்டா வந்து சொல்றேன்னு சொல்லு" என்றாள் பாண்டிலட்சுமி. அந்த எட்டில் வாய் பெரியவள் அவள்.

சேருகிற அன்றைக்கே மாரிசெல்வி ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்: எட்டாயிரத்துக்கு மேல் ஒருத்தியிடமும் ஒற்றை ரூபாய் கேட்கமாட்டேன். அதை நம்பித்தான் ஏழு பேரும் வந்தார்கள். வீட்டில் இன்னொரு தரம் பணம் கேட்டால் பயணம் அங்கேயே செத்துப்போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். சேர்த்த காசும் பிரிந்து, ஒருத்திக்கு அடகு வட்டியாகவும் இன்னொருத்திக்கு மகன் பைக்குக்கு டயராகவும் போய்விடும்.

மகள் ஐஸ்வர்யா விருதுநகரில் பி.காம். இரண்டாம் வருஷம். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் தேடி, மட்காவ் பக்கத்தில் கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜைக் காட்டினாள். மூன்று பேர் படுக்கிற ரூம், ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து இருநூறு.

மாரிசெல்வி காலண்டர் பின்பக்கத்தில் பட்ஜெட் எழுதினாள். மூன்று ரூம், நாலு ராத்திரி: பதினாலாயிரத்து நானூறு. ரயில் போக வர பன்னிரண்டாயிரம். சாப்பாடு பன்னிரண்டாயிரம். திருநெல்வேலி போக வர பஸ் ஆயிரத்து அறுநூறு. அங்கே சுற்ற வேன் எட்டாயிரம். கடலுக்குள் படகில் போக நாலாயிரம். இது பாண்டிலட்சுமியின் பிடிவாதம். அவசரத்துக்குக் கைக்காவலாக ஐயாயிரம். கூட்டினால் ஐம்பத்தேழு. மிச்சம் ஏழாயிரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் சாமான் வாங்கலாம்.

"இப்பமே ரூம் போட்ருவோமாம்மா?" என்று ஐஸ்வர்யா கேட்டாள்.

"இரு, இரு. ஆடி மாசமே ஆயிரத்து எரநூறுன்னா, தீபாவளி முடிஞ்சா இன்னும் இறங்கும். சீசன் முடிஞ்ச பெறகு எவன் வாரான்?"

ஷெட்டில் மற்ற ஏழு பேரிடமும் கேட்டாள். ஏழு பேரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? இந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் என்பது தீபாவளியில் முடிகிறது. மறுநாளே லாரி வாடகை பாதி. டீக்கடை பூட்டு. நேற்றுவரை ஏறவிடாத ஷேர் ஆட்டோக்காரன் வீட்டு வாசலில் வந்து நின்று "யக்கா, எங்கனயும் போகணுமா?" என்று கேட்பான். கம்பெனியும் மூடிவிடும். பிறகு ஒருநாள் பூஜை போட்டுத் திறப்பார்கள். அதுவரை மூன்று வாரமோ ஒரு மாதமோ, ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று எட்டுப் பேரும் நம்பினார்கள். ரயில் டிக்கெட்டை மட்டும் அக்டோபர் முப்பதுக்குப் போட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து வாரத்துக்கு ஒரு வண்டி. வியாழன் ஏறினால் வெள்ளி விடிகாலை மட்காவ், செவ்வாய் திரும்பி ஏறினால் புதன் ஊர்.

அக்டோபர் பன்னிரண்டு ஞாயிறு. சீசன் உச்சம் என்பதால் அன்றும் அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து கையைக் கூடக் கழுவவில்லை, "ரூமைப் போடு" என்றாள் மாரிசெல்வி. ஐஸ்வர்யா போனைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"யம்மா, மூவாயிரத்து எண்ணூறு காட்டுது."

"மூணு ரூமுக்குமா?"

"ஒரு ரூமுக்கு."

மாரிசெல்வி உட்காரவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். மூன்று ரூம், நாலு ராத்திரி, நாற்பத்தைந்தாயிரத்து அறுநூறு. எழுதிய தொகையைவிட முப்பத்தோராயிரத்து இருநூறு கூடுதல். சாமான் காசு, கைக்காவல், வேன், படகு எல்லாவற்றையும் அடித்தாலும் இன்னும் ஏழாயிரத்து இருநூறு துண்டு விழுந்தது. எட்டுப் பேரை இரண்டு ரூமில் அடைக்கலாமா? மூன்று பேர் ரூமில் நாலாவது ஆளை விடமாட்டார்கள் என்றாள் மகள். அன்று சாயங்காலத்துக்குள் ஆறு தடவை போனைத் திறக்கச் சொன்னாள். நாலாம் தடவை, 'இந்த விலையில் ஒரே ஒரு ரூம்தான் மிச்சம்' என்று சிவப்பில் எழுதி வந்தது.

"சீக்கிரம்மா, முடியப் போகுது."

"முடியாது. நம்ம ரோட்டுக் கடைக்காரன், கடைசி கிப்ட் பாக்ஸ்னு தீபாவளி அன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருப்பான். உள்ள அடுக்கியிருக்கும் நூறு. இதுவும் அந்தப் பய சோலிதான்."

சொல்லிவிட்டாளே தவிர, இன்னும் இரண்டு தடவை போனைத் திறக்கச் சொன்னாள்.

மறுநாள் அவள் கணவன் பாண்டிராஜ் விஷயத்தோடு வந்தான். கம்பெனியிலிருந்து சிவகாசி டிரான்ஸ்போர்ட்டுக்கு மினி லாரியில் பெட்டி இறக்குவது அவன் வேலை. அங்கே வடக்கே ஓடுகிற டிரைவர் ஒருவனைப் பிடித்துக் கேட்டிருக்கிறான்.

"இந்தா, அங்க மள பெய்ற நாலு மாசந்தான் ரேட்டு கம்மியாம். ஜூலைல ஒருத்தனும் கடல்ல எறங்க முடியாதாம். தீபாவளி முடிஞ்சதும் குஜராத்துக்காரன், பம்பாய்க்காரன் பூராம் குடும்பத்தோட கோவாவுக்குத்தான் வாரானாம். லீவாம்ல அவுகளுக்கு."

மாரிசெல்வி அவனையே பார்த்தாள். "அப்ப, நம்ம பெட்டிய வாங்கி வெடிச்சிட்டு நேரா நம்ம ரூமுக்கு வந்துர்றான்."

"ஒன் ரூமா அது?" பாண்டிராஜ் சிரித்தான். "பேசாம பணத்தப் பிரிச்சுக் குடுத்துட்டு ஏர்வாடிப் பக்கம் போயிட்டு வாங்க. அங்கயும் கடல்தான்."

"ஒங்க வாயில வசம்ப வைக்க."

ஆனால் அவன் கொண்டுவந்த செய்தியில் ஒரு பிடி இருந்தது. லீவுக்கு வருகிறவன் லீவு முடிந்தால் போய்விடுவான். அப்புறம் டிசம்பர் கடைசியில்தானே அடுத்த கூட்டம்? "தேதியத் தள்ளு" என்றாள் மகளிடம். நவம்பர் ஆறு: இரண்டாயிரத்து எண்ணூறு. "இன்னும் தள்ளு." நவம்பர் பதிமூன்று: ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதே லாட்ஜ், அதே ரூம். முன்பணம் முழுக்கக் கட்ட வேண்டும், பிறகு வேண்டாமென்றால் ஒரு பைசா திரும்பாது என்று கீழே போட்டிருந்தது. மூன்று ரூமுக்கு இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு. பழைய ரயில் டிக்கெட்டை ரத்து செய்வதில் போகிறது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. சாமான் காசு ஏழாயிரமும் போய், கைக்காவலில் ஆயிரத்து அறுநூற்று எண்பது மிஞ்சும். வேனும் படகும் தப்பித்தன. யாரிடமும் ஒரு ரூபாய் கேட்க வேண்டியதில்லை.

இனி ஒரே கேள்வி: கம்பெனி எப்போது பூஜை போடும்? பூஜையன்று வந்து நின்று பெயர் கொடுக்கிறவர்களுக்குத்தான் அந்த வருஷத்து அட்வான்ஸ், பத்தாயிரம். வேலை தொடங்கியும் ஆள் வரவில்லையென்றால் அட்வான்ஸ் திரும்பக் கேட்பார்கள், இடமும் போகும். பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு பூஜை விழுந்தால் எல்லாம் சுபம். மாரிசெல்வி நாலு நாள் யாரைப் பார்த்தாலும் அதையே கேட்டாள். வாட்ச்மேனிடம் கேட்டாள், கணக்குப்பிள்ளையிடம் கேட்டாள், முதலாளி வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவனிடம் கூடக் கேட்டாள்.

பதினேழாம் தேதி போனஸ் கொடுக்கும்போது சொன்னார்கள். சரக்கு மிச்சமில்லாமல் போய்விட்டது, ஆர்டர் இப்போதே வருகிறது, சீக்கிரம் திறக்கிறோம். நவம்பர் பத்து, திங்கள்.

திரும்பி வருகிற கம்பெனி வேனில் மற்ற ஏழு பேரும் போனஸ் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரிசெல்வி மட்டும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஜூலையில் போடாதது தன் தப்பு என்றும் சொன்னாள்.

"ஒன் தப்பு மட்டுமா? நாங்களுந்தான மண்டைய ஆட்டுனோம்" என்றாள் பாண்டிலட்சுமி. "இப்ப என்ன செய்யலாங்கிற?"

"பத்தாம் தேதி பூஜைக்கு நிப்போம், பேரு குடுப்போம். பதிமூணாந் தேதி வண்டி ஏறுவோம்."

"ஆறு நாள் கூலி போகுமே மதினி" என்றாள் முருகேஸ்வரி. "ஒத்த ரூவா கேக்கமாட்டேன்னீக. கூலி போனா அது ரூவா இல்லியா?"

கேள்வி நியாயமானது. மாரிசெல்வி யோசித்தாள்.

"போன வருசம் பூஜை போட்ட வாரத்துல நீ எத்தன நாள் வேல பாத்த?"

முருகேஸ்வரி விரல் மடக்கினாள். "ரெண்டு நாளு. பெறகு மள."

"பட்டாசு செஞ்சு, அது காஞ்சு, நம்ம கைக்கு வந்தாத்தான நமக்கு வேல? மருந்துக்காரவுகளுக்கு மொத நாளே சோலி. நமக்குப் பதினஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் பெட்டி மடி, கூட்டு, தண்ணி தூக்குன்னு எதையாச்சும் சொல்லி ஒக்கார வைப்பாக. அந்த வாரத்தத்தான் கேக்கேன்."

"போர்மேன் விடுவாரா?"

அதுதான் தெரியவில்லை. போர்மேன் பால்பாண்டி கறாரான ஆள், கெட்டவர் இல்லை. பதினெட்டாம் தேதி காலை கேட் வாசலில் மாரிசெல்வி அவரைப் பிடித்தாள்.

"எட்டுப் பேரும் ஒண்ணாவா?" என்றார் அவர். "பேக்கிங்ல இருக்கிறதே பதினாலு பேரு. தீபாவளிய முடிங்க தாயி. பூஜை அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்."

"இப்பமே சொல்லிட்டா நல்லது அண்ணாச்சி. ரூம் போடணும்."

"நான் என்ன லாட்ஜா நடத்துறேன்? பூஜை அன்னைக்கு வா."

அன்று மத்தியானம் தபால் ஆபீசில் பணத்தை எடுத்தாள். சாயங்காலம் ஐஸ்வர்யா ரூமுக்கு முழுப்பணம் கட்டினாள். பழைய டிக்கெட்டை ரத்து செய்து புது டிக்கெட் போட்டார்கள். போகும் வண்டியில் ஐந்து பேருக்குப் படுக்கை கிடைத்தது. மூன்று பேருக்கு உட்கார மட்டும் இடம். அனுமதி வாங்காமல் இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு ரூபாயைக் கட்டிவிட்டோம் என்பதை அவள் மற்றவர்களிடம் சொல்லிவிட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை.

அந்த மூன்று வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தாள். பாத்திரங்களை இறக்கி, தேய்த்து, மறுபடி ஏற்றினாள். "யம்மா, ஒக்காரு, பாக்கிற எனக்குக் கால் வலிக்கு" என்றாள் மகள். மழை பெய்தால் சந்தோஷப்பட்டாள். பூஜைக்குப் பிறகும் இப்படியே பெய்தால் பட்டாசு காயாது, பேக்கிங்குக்கு வேலை வராது. வெயில் அடித்தால் வானத்தைத் திட்டினாள்.

நவம்பர் பத்து. தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, பொரியும் சர்க்கரையும் கொடுத்தார்கள். எட்டுப் பேரும் பெயர் கொடுத்து அட்வான்ஸ் வாங்கினார்கள். வாங்கிய கையோடு மாரிசெல்வி பால்பாண்டி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, வியாழக்கெழம வண்டி."

"டிக்கெட்டே போட்டாச்சா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கேக்கிறதுக்கு முன்னாடியே போட்டுட்டு, கேக்க வந்திருக்கீக."

"ஆமா அண்ணாச்சி."

அவள் சாக்குச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கோடவுனைக் காட்டினார். அச்சுக்கடையிலிருந்து வந்த அட்டைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. "நாலாயிரம் பெட்டி மடிக்கணும். இந்த வாரம் பூரா ஒங்க எட்டுப் பேருக்கும் அதான் சோலி. அத மடிச்சு அடுக்கிட்டா, நீங்க இங்கன இருந்தா என்ன, கோவாவுல இருந்தா என்ன? மடிக்கலேன்னா போகக் கூடாது. பெட்டிக் கூலிதான், நாள் கூலி கெடையாது."

"ரெண்டு நாள்ல மடிக்கோம்."

"ஆறு நாள் சோலி தாயி அது."

"நாள் கூலிக்கு ஆறு நாளு" என்றாள் பாண்டிலட்சுமி பின்னாலிருந்து. பால்பாண்டி சிரித்துவிட்டார்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஐந்நூறு, இரண்டு நாளில். பட்டாசுக் கம்பெனியில் இருட்டினால் வேலை கிடையாது. ஷெட்டில் விளக்குப் போடக் கூடாது, ஆறு மணிக்குக் கேட் பூட்டு. விடிய விடிய உட்கார்ந்து முடிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அட்டையும் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. நாலு பக்கமும் மடக்கி, அடியை மாட்டி, தட்டி, அடுக்கு. மாரிசெல்வி மற்றவர்களைப் பேசவிடவில்லை. அன்று சாயங்காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

புதன் காலை முருகேஸ்வரியின் பெருவிரல் அட்டை ஓரத்தில் கிழிந்து ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மடித்தாள். மத்தியானச் சோற்றைப் பத்து நிமிஷத்தில் முடித்தார்கள். நாலு மணிக்கு மேகம் கவிந்து ஷெட் மங்கியது. ஐந்தரைக்கு பால்பாண்டி வந்து அடுக்குகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"மூவாயிரத்து எழுநூத்தி நாப்பது. இன்னும் எரநூத்தி அறுவது கெடக்கு."

"இன்னும் அரைமணி இருக்கே அண்ணாச்சி."

"அரைமணில எரநூத்தி அறுவதா? வெளிச்சம் எங்க?"

முருகேஸ்வரி எழுந்து நின்றாள். "மதினி, நான் இருந்துக்கிடுறேன். நாளைக்கு நான் ஒருத்தியே மடிச்சுருவேன். நீங்க ஏழு பேரும் போங்க. எனக்கும் வீட்டுல..."

"எட்டுப் பேருக்குப் போட்ட கணக்கு இது" என்றாள் மாரிசெல்வி. "ஏழு பேருக்கு எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. ஒக்காரு." பிறகு போர்மேன் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, சொன்ன சொல்லு நாங்க காப்பாத்தல. எரநூத்தி அறுவது கொறையுது. ரெண்டு நாள் பெட்டிக் கூலி எங்களுக்கு இன்னும் தரல. அது ஒங்ககிட்டயே இருக்கட்டும். இருவதாந் தேதி காலைல வந்து மிச்சத்த மடிச்சுட்டு வாங்கிக்கிடுறோம்."

எட்டுப் பேரின் இரண்டு நாள் கூலி. கையில் அது இருந்தால் மட்காவில் ஒரு வேளை நல்ல மீன் சாப்பாடு கூடக் கிடைத்திருக்கும். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பாண்டிலட்சுமி ஒருத்தி மட்டும், "படகு இருக்குல்ல? அதுல கை வைக்கல்லியே?" என்று மெல்லக் கேட்டாள்.

பால்பாண்டி நோட்டைப் பிரித்து எழுதினார். "இருவதாந் தேதி, எட்டு மணி, எட்டுப் பேரு. ஒரு ஆள் கொறஞ்சாலும் அட்வான்ஸ் வாபஸ்." நோட்டை மூடினார். "கேட்டப் பூட்டணும், கெளம்புங்க."

அவர்கள் ஆறு மணிக்கு வெளியே வந்தார்கள். பைகள் கட்டி வீட்டில் தயாராக இருந்தன. ஐஸ்வர்யா டிக்கெட்டைத் தாளில் எடுத்து வைத்திருந்தாள். சங்கரன்கோவில் பஸ் ஏழு பத்துக்கு. அங்கே மாறித் திருநெல்வேலி. காலையில் முதல் பஸ்ஸை நம்பினால் வண்டியை விட்டுவிடுவோம் என்பதால் ராத்திரியை ஸ்டேஷனிலேயே கழிப்பார்கள். வண்டி வியாழன் காலை ஏழே முக்காலுக்குப் புறப்படும்.